மிளகு போடாத ரசம்

பம்பாயில் சௌக்கியமாக இருப்பதாக நீ எழுதியதைப் பாதி மட்டும் நம்புகிற உன் அப்பா, மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுகிறேன். மீதிப் பாதியை ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன மாதம் உன் நிச்சயதார்த்தப் பந்தியில் நான் உனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சங்காய் ஊறுகாயை நாக்கில் தொட்டதும் நீ கண்ணைச் சுருக்கி, இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாய். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஊறுகாயை இலையின் ஓரத்துக்குத் தள்ளினாய். "மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது போல" என்று பெண் வீட்டார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் பச்சை மிளகைக் கொத்தோடு கடித்துத் தின்றவன் நீ. அன்று மாலை உன் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்த கைக்குட்டையை விரித்து எனக்குக் காட்டினாள். பாக்குக் கறை. என் வேட்டிகளில் இதே கறையை எத்தனையோ தடவை வெளுத்தவள், அதைப் பழக்கப்பட்ட ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நானும் பார்த்தேன். 

ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் நீ ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். சங்கதி இவ்வளவுதான். ஒரே வரியில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் எதையும் ஒரே வரியில் சொல்லி முடித்த வழக்கம் நம் வம்சத்தில் கிடையாது. அதோடு, இதற்குப் பின்னால் உனக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பல் பிடுங்கினார்கள் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோமே, அது பல் இல்லை.

என் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றேன். வாத்தியாருக்கு அதற்கு மேல் என்னிடம் சொல்ல விஷயம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுத் தரகன் என்றால் அது நான்தான். மிளகை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, எடை பார்த்து, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன் என்றால், அது இடுக்கியில் விளைந்ததா வயநாட்டில் விளைந்ததா, மழைக்கு முன்னால் பறித்ததா பின்னால் பறித்ததா, பறித்தவன் அன்று பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பது வரை சொல்லிவிடுவேன். வெளிநாட்டுக் கப்பல்காரன் நான் தலையாட்டிய பிறகுதான் நங்கூரத்தை எடுப்பான். எழுத எழுத நான் படித்துக் காட்டுவதைக் கேட்கிற உன் அம்மா, "கப்பல்காரன் இவங்க முகத்தையே பார்த்ததில்லை, எழுதிட்டாங்களா அதையும்?" என்கிறாள். கப்பல் துறையில் நின்றது, நானும் துறையில் நின்றேன். அவ்வளவு போதாதா?

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கைகளின் மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்ததும் சரக்கு வாங்குகிற சேட்டு வெற்றிலைத் தட்டை நீட்டுவார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. தரகன் அதை எடுத்து மென்றால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. எடுக்காவிட்டால் விலையில் அவனுக்கு மனசில்லை என்று அர்த்தம். அதனால் நல்ல வியாபாரம் நடக்கிற நாளில் என் இடது கன்னம் காலை முதல் சாயங்காலம் வரை உப்பியே இருக்கும். அது காலியாக இருந்தால் சந்தையே மந்தம் என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். மென்றதைத் துப்பவும் மனம் வராது. அங்கேயே ஒதுக்கி வைத்துக்கொள்வேன். ராத்திரி தூங்கும்போதும் கொஞ்சம் இருக்கும்.

ஒரு வருஷம் மிளகு வரத்து ஆரம்பித்த சமயம், எல்லா மிளகும் எனக்கு அபாரமாகக் காரமாக இருந்தது. ஒரு மணியைக் கடித்தால் இடது கன்னத்தில் நெருப்பு வைத்த மாதிரி சுரீர் என்று ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வயசாக வயசாக என் நாக்குக் கூர்மையாகிறது என்று நினைத்தேன். "சேட்டு, இந்த மாதிரிச் சரக்கு நம்ம அப்பன் காலத்திலும் வந்ததில்லை" என்று மூட்டை மூட்டையாகத் தேர்ந்து கொடுத்தேன். சேட்டு ஒரு நாள் அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீர்க் குவளையில் போட்டுக் காட்டினார். பாதி மிதந்தது. உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு. "அரே தரகரே, உங்க நாக்குக்கு என்ன ஆச்சு? பொக்கெல்லாம் வைரமா தெரியுதா?" என்றார். நான் விடவில்லை. குவளைத் தண்ணீர் உப்புத் தண்ணீர், காயல் பக்கம் எடுத்தது, அதில் எதுவும் மிதக்கும் என்று வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். வாய் எரிந்துகொண்டே இருந்தது.

வீட்டில் தினமும் ரகளை. ரசம் காரம், குழம்பு காரம், தயிர்ப் பச்சடி காரம். "மிளகாய்க் குடோனையே கரைச்சு ஊத்திட்டியா?" என்று உன் அம்மாவிடம் கத்துவேன். அவள் மறுநாள் ஒரு மிளகாய் குறைத்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்று. நான் கத்துவது குறையவில்லை. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காததற்குக் காரணம் வர்கீஸ் சேட்டன்.

குடோனில் எடை போட்ட வர்கீஸை, எல்லாரும் அண்ணன் முறை வைத்துச் சேட்டன் என்று கூப்பிட்டவனை, உனக்கு ஞாபகம் இருக்காது. மலை மாதிரி மனுஷன். தாடையில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கிராம்பு எண்ணெய் தடவினான், மஞ்சள் வைத்தான், துண்டால் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான். "சேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொன்னவர்களிடம் "பல்லுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சிரித்தான். பிறகு சிரிக்க வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; அங்கேயே உயிர் போய்விட்டது. நாங்கள் எல்லாம் அதிலிருந்து ஒரே ஒரு பாடம் கற்றுக்கொண்டோம்: ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்துப் போவோம். தப்பான பாடம். ஆனால் பஜார் முழுக்க அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தது. எனக்கும் கன்னத்தின் உள்ளே நாக்கால் தடவினால் ஓர் இடம் சொரசொரப்பாகத் தட்டும். தட்டும்போதெல்லாம் வர்கீஸின் துண்டு கட்டிய முகம் வரும். நாக்கை எடுத்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அம்மா சோற்றில் ரசம் விட்டாள். ஒரு வாய் வைத்ததும் கன்னம் பற்றி எரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். "நான் செத்தால்தான் உனக்கு நிம்மதியா? இவ்வளவு காரமா?" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு ரசத்துல மிளகும் போடல, மிளகாயும் போடல" என்றாள். "புளியும் பேருக்குத்தான். பருப்புத் தண்ணியில ஒரு தக்காளியைப் பிசைஞ்சு, உப்புப் போட்டேன்."

"பொய்."

"சமையல்கட்டுக்கு வாங்க. அஞ்சறைப் பெட்டியே திறக்கல. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு இதைத்தான் கொடுத்துட்டு வந்தேன், அது சப்புக் கொட்டிக் குடிச்சுது. எரியறது ரசம் இல்ல. திறங்க வாயை."

"நான் என்ன மாடா? பல்லைப் பார்த்து விலை பேசப் போறியா?"

"மாடா இருந்தா எப்பவோ திறந்திருக்கும். திறங்க."

திறந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேசுகிற நான், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாமல் இன்னொருவர் முகத்தைப் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. சுரண்டினா வரல" என்றாள். "சுண்ணாம்புதான், வெற்றிலைச் சுண்ணாம்பு" என்றேன். அவள் கை கழுவிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். "படகுக்கு நேரமாச்சு."

எர்ணாகுளம் போகிற படகில் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் என்று எழுத மாட்டேன். காற்று அதிகம் என்று வைத்துக்கொள். அவள் மட்டும் ஒன்று சொன்னாள். "வர்கீஸ் சேட்டன் பொண்டாட்டி எங்கிட்ட அழுதா. அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். சொன்னா அடிப்பாருன்னு சொல்லலையாம். நீங்க அடிச்சாலும் சரி, கத்தினாலும் சரி, நான் அப்படி இருக்க மாட்டேன்." நான் உன் அம்மாவைக் கை நீட்டி அடித்ததே இல்லை. ஆனால் அவள் சொல்லத் தயங்கும்படி கத்தியிருக்கிறேன் என்பது அந்தப் படகில்தான் எனக்கு உறைத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், மலையாளி, உன் இப்போதைய வயசைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் உட்கார்ந்ததும் என் தொழில் பெருமையைத் தொடங்கினேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "தரகரே, வாய் நிறையக் கதை வெச்சிருக்கீங்க. கொஞ்சம் இடம் விடுங்க, நானும் பாக்கறேன்" என்றார். பார்த்தார். விரலால் தடவினார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக என் வாய்க்குள் விடச் சொன்னார். எங்கள் தொழிலில் மூன்று விரல் என்றால் விலை. "டாக்டர், என்ன விலை பேசறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க வாய் எவ்வளவு திறக்குதுன்னு பாக்கறேன். பாக்கும் புகையிலையும் போடறவங்களுக்கு வாய் மெல்ல மெல்ல இறுகும். உங்களுக்கு இறுகல. பாக்யம்" என்றார்.

நான் வர்கீஸ் கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததால்தான் செத்தான் என்று எங்கள் பஜாரின் தீர்ப்பையும் சொன்னேன். டாக்டர் டார்ச்சை அணைத்தார். "அந்த ஆள் இங்க வந்ததால சாகல. கடைசி நேரத்துல வந்ததால. இப்ப உங்களுக்கு இருக்கிற இந்த வெள்ளை, அது கான்சர் ஆகணும்னு இல்ல, ஆகலாம். ஆகறதுக்கு முன்னால பிடிச்சா வேலை சுலபம். பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஒரு சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன்." உன் அம்மாதான் கேட்டாள், "வெட்டினா பரவும்னு சொல்றாங்களே?" "துணுக்கு எடுக்கறதால பரவாதம்மா. எடுக்காம விடறதுதான் ஆபத்து" என்றார். எனக்கு வேறு பயம். மிளகு ருசி போய்விடுமா? கன்னத்தில் கை வைத்தால் என் சோறு போய்விடும் என்று அவரிடம் கேட்டே விட்டேன். "ருசி நாக்குல. இது கன்னத்துல. உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகாது. இப்பவே ஏமாத்திட்டு இருக்கறது இந்தக் கன்னம்தான்" என்றார். பொக்கு மிளகு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்பதை உன்னிடம் சொல்ல விருப்பமில்லை. சந்தையில் சிங்கம் மாதிரி நடந்தேன். வீட்டுக்கு வந்து நீ தூங்குகிற பாயின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். நீ பெரியவனாகி எந்த ஊரில் இருப்பாய், என்ன வேலை பார்ப்பாய், கல்யாணத்தில் யார் உனக்கு மாலை எடுத்துக் கொடுப்பார்கள் என்றெல்லாம் நினைப்பேன். போதும். முடிவு வந்தது. கான்சர் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் கால் வைத்த செல்கள் இருக்கின்றன என்றார் டாக்டர். அந்த இடத்தை மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார், தையல் போட்டார். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குப் பல் என்று சொன்னோம். என் கணக்கில் அது ஆறு மணி நேர ஆபரேஷன், எட்டு டாக்டர்கள். உன் அம்மா கணக்கில் சாயா ஆறுவதற்குள் முடிந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். புகையிலை மட்டும் இல்லை, பாக்கும் கூடாது என்றார் டாக்டர். பாக்கே கெடுதல் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பீடி, சாராயம் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பெருகும் என்றார். விட்டேன் என்று ஒரு சொல்லில் எழுதலாம். கை தானாக இடுப்பில் செருகிய வெற்றிலைச் செல்லத்துக்குப் போகும், தலை வலிக்கும், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவேன். உன் அம்மா பெருஞ்சீரகத்தை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒரு தடவை ஒளிந்து பாக்கு மென்றேன், அந்த வாசனையிலேயே பிடித்துவிட்டாள். திட்டவில்லை. "நாளைக்கு மறுபடி முதல் நாள்" என்றாள், அவ்வளவுதான்.

சேட்டுதான் பெரிய சோதனை. முதல் வியாபாரம் படிந்ததும் தட்டு வந்தது. பஜாரே பார்க்கிறது. நான் எடுக்கவில்லை. சேட்டுவின் முகம் மாறியது. "விலையில மனசில்லையா?" என்றார். வாயைத் திறந்து கன்னத்தை விரலால் இழுத்துத் தையல் தழும்பைக் காட்டினேன். அங்கேயே, எல்லார் முன்னாலும்.  சேட்டு தன் வாயில் இருந்ததை எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். "என்னோடதையும் பாரு தரகரே" என்று வாயைத் திறந்தார். அன்றைக்கு மட்டாஞ்சேரி முழுவதும் என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது. உன் அம்மா, "நாலு பேர்" என்கிறாள். நாலு பேராகவே இருக்கட்டும். எனக்கு என்ன தெரியும், பார்க்க? எல்லாரையும் படகு ஏற்றி டாக்டரிடம் அனுப்பினேன். சேட்டுவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வியாபாரத்திலிருந்து எனக்கு நீட்டுகிற தட்டில் ஏலக்காய் இருந்தது. அந்த மனுஷனுக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். முறையை மாற்றினாலும் மரியாதையை மாற்றவில்லை.

டாக்டருக்கும் நன்றி. சொன்ன தேதிகளில் போய்க் காட்டிக்கொண்டே இருக்கிறேன், இன்றுவரை சுத்தம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே உன் அம்மாவுக்கு. ஊரில் எத்தனையோ பேர் கணவன் கத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது திருப்பிக் கத்துவார்கள். இவள் ஒரு ரசம் வைத்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு நாள் உன் உடம்பைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்பாள். அப்போது கத்தாதே. அவளும் உன்னிடம் மறைக்காதபடி நடந்துகொள். மார்பில் கட்டி, மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகும் இரத்தம் என்று பெண்களுக்கும் சொல்ல வெட்கப்படுகிற சங்கதிகள் உண்டு. டாக்டர் உன் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார். சொல்லத் தயங்காத வீடு ஒன்றை அவளுக்குக் கொடு. கீரை தின்னு, பழம் தின்னு, நட. இதெல்லாம் நீயே பேப்பரில் படித்திருப்பாய். கண்ணாடி முன்னால் பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார். வெள்ளையோ சிவப்போ, ஆறாத புண்ணோ, காரணமில்லாத எரிச்சலோ இருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதே. இதையும் படித்திருப்பாய். படித்தும் ஊறுகாயை ஒதுக்கியிருக்கிறாய். உன் வாயில் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். பான் கடைச் சுண்ணாம்பில் வெந்த புண்ணாக இருக்கலாம். அதை நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது. டார்ச் வைத்திருக்கிறவர் முடிவு செய்யட்டும்.

கல்யாணப் பத்திரிகை எழுதி முடித்துவிட்டேன். எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு அச்சகத்தில் காகிதம் கூடத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. தங்க எழுத்து, கொச்சி ராஜா வீட்டுப் பத்திரிகைக்குப் பிறகு இப்படி ஒன்று வந்ததில்லை. ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. நீ அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டிவிட்டு ஒரு தந்தி அடி. "காட்டினேன்" என்று ஒரு சொல் போதும். நல்லதா கெட்டதா என்று தந்தியில் எழுத வேண்டாம். நல்லதென்றால் நீ வந்து சொல். வேறு ஏதாவது என்றால் அடுத்த ரயிலில் நான் அங்கே வருவேன், பெண் வீட்டாரிடம் உன் அம்மா பேசுவாள், கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். தள்ளிப் போன கல்யாணத்தால் யாரும் சாகவில்லை.

எழுதி முடித்து, முழுவதையும் மறுபடி ஒரு தடவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "பெருமையெல்லாம் வெட்டிடுங்க, அவன் சிரிச்சுட்டுக் கடிதாசியை மடிச்சு வெச்சிடுவான்" என்றாள். எதை வெட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே உண்மை. அதனால் அவள் சொன்னதை அப்படியே எழுதி முடிக்கிறேன்: "அவன்கிட்ட சொல்லுங்க. பயமா இருந்தா பயத்தோட போகச் சொல்லுங்க. அவங்கப்பாவும் அப்படித்தான் போனாரு. படகு முழுக்க என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு."